மங்கோலியாவுக்கு ரயிலில் போக நான் போட்ட கணக்கு



சுற்றுலா என்றால் நம் வீடுகளில் வழக்கமாக என்ன நடக்கும்? இடத்தை ஆண்கள் முடிவு செய்வார்கள், மூட்டை கட்டுவது நம் வேலை. இந்த முறை எங்கள் வீட்டில் வரைபடமும் நோட்டும் என் கைக்கு வந்துவிட்டன. வருகிற மே மாதம் நானும் என் கணவரும் சீனா, மங்கோலியா, ரஷ்யா என்று மூன்று நாடுகளை ரயிலிலும் பஸ்சிலும் கடக்கப் போகிறோம்.

சின்ன வயதிலிருந்தே ரயில் என்றால் எனக்கு உயிர். எட்டு வருடம் சீட்டுப் போட்டும், தையல் மிஷினை மிதித்தும் சேர்த்த பணம் இது. ஒரு ரூபாய் வீணானாலும் மனசு ஆறாது. டிராவல்ஸ்காரர் ஒருவரிடம் கேட்டதற்கு, "அந்தப் பக்கமெல்லாம் யாரு மேடம் போறாங்க? சிங்கப்பூர் பேக்கேஜ் இருக்கு, பாருங்களேன்" என்றார். மாமியாரோ, "ஏம்மா, பஸ்சுலயும் ரயில்லயும் அலையறதுக்கா வெளிநாடு?" என்றார். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று நூலகத்திலும் மகனின் செல்போனிலுமாக நான்கு மாதம் தேடி நோட்டில் குறித்துக்கொண்டேன். உங்களில் யாருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் பாடம் இதுதான். எத்தனை நாடு என்று எண்ணக் கூடாது, எத்தனை முறை ஒரு நாட்டின் வாசலுக்குள் நுழைகிறோம் என்று எண்ண வேண்டும். மங்கோலியாவுக்கு அக்கம்பக்கத்து வீடு இரண்டே இரண்டு. வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா. போன வழியே சீனாவுக்குத் திரும்பி வந்து விமானம் ஏறுவதென்றால், சீன விசாவில் இருமுறை நுழைய அனுமதி இருக்க வேண்டும். ஒருமுறை விசாவை வாங்கிவிட்டு மங்கோலியாவுக்குள் போய்விட்டால், திரும்பும்போது எல்லையில் நிறுத்திவிடுவார்கள்.

என் கணவருக்கு கஜகஸ்தானையும் பார்க்க ஆசை. "பக்கத்துலதானே இருக்கு? இந்தியர்களுக்கு 14 நாள் விசாவே வேண்டாமாமே!" என்றார். உண்மைதான். 2022 முதல் அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் வரைபடத்தை உற்றுப் பார்த்தால் மங்கோலியாவும் கஜகஸ்தானும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை. நடுவில் 40 கி.மீ.க்கும் குறைவான இடைவெளி. அந்த இடைவெளியில் ரஷ்யாவும் சீனாவும் வந்து முட்டி நிற்கின்றன. மங்கோலியாவின் மேற்குக் கோடியில் உள்ள ஓல்கி ஊரிலிருந்து தரை வழியே கஜகஸ்தான் போக வேண்டுமானால் ரஷ்ய மண்ணையோ சீன மண்ணையோ தொட்டே ஆக வேண்டும். தலைநகர் உலான்பாத்தரிலிருந்து ஓல்கிக்கே 1,600 கி.மீ.க்கு மேல் பஸ் பயணம். ரஷ்யாவின் இணைய விசாவோ ஒரே ஒரு முறை நுழைவதற்குத்தான். பைக்கால் ஏரிக்காக ஒரு தடவை, கஜகஸ்தானுக்காக ஒரு தடவை என்று அதை வைத்துக்கொண்டு போக முடியாது. "இந்தத் தடவை பைக்கால், கஜகஸ்தான் அடுத்த சீட்டுக்கு" என்றேன். அவரும் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இந்த இணைய விசா, பட்டியலில் உள்ள எல்லை வாசல்களில் மட்டும்தான் செல்லும். நாம் நுழையப்போகும் வாசல் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்புவதற்கு முன் மூன்று நாட்டுத் தூதரகங்களின் அறிவிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் வழி இதுதான். பெய்ஜிங் வரை விமானம். அங்கிருந்து சீன எல்லை ஊரான எர்லியான். எல்லைக்கு அந்தப் பக்கம் மங்கோலியாவின் ஜாமின் ஊத். அங்கே இரவு ரயில் ஏறினால் கோபி பாலைவனத்தைக் கடந்து, 700 கி.மீ. தள்ளி உள்ள உலான்பாத்தரில் காலையில் இறங்கலாம்.

பெய்ஜிங்கிலிருந்து உலான்பாத்தர் வழியாக மாஸ்கோ வரைக்கும் ஒரே ரயில் பல வருடம் ஓடியது. 2020-ல் கொரோனா வந்தபோது நிறுத்திவிட்டார்கள். பழைய பயணப் புத்தகங்களில் அந்த ரயிலைத்தான் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். எந்தெந்த ரயில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு, துண்டு துண்டாக டிக்கெட் வாங்குவதே நல்லது. எல்லையில் வேறு வண்டி மாறினால் ஒரு தாமதமும் மிச்சம். சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். மங்கோலியாவிலும் ரஷ்யாவிலும் 1,520. அதனால் நேரடி ரயில்களின் பெட்டிகளை எர்லியானில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத் தொகுதியையே மாற்றுவார்கள். ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, மணிக்கணக்கில் நடக்கும் வேலை அது. இந்த எல்லையை நடந்து கடக்க அனுமதி இல்லை. ஜீப்பிலோ பஸ்சிலோ ஏறித்தான் கடக்க வேண்டும். ஜீப்காரரிடம் ஏறுவதற்கு முன்பே கூலி பேசிவிட வேண்டும். நம்ம ஊர் ஆட்டோவுக்குப் பேசுகிற மாதிரிதான்!

உலான்பாத்தரிலிருந்து ரஷ்யாவின் உலான் ஊதே நகருக்கு ரயிலும் உண்டு, பஸ்சும் உண்டு. ரயில் எல்லையில் வெகுநேரம் நின்றுவிடும். பஸ் சுமார் 12 மணி நேரத்தில் சேர்த்துவிடும் என்பதால் பஸ்சையே குறித்திருக்கிறேன். வழியில் கியாக்தா என்ற எல்லை ஊர். ஒரு காலத்தில் சீனத்துத் தேயிலையெல்லாம் இந்த வழியாகத்தான் ரஷ்யாவுக்குப் போனதாம். உலான் ஊதேயிலிருந்து இர்குட்ஸ்க் போகும் ரயில், பைக்கால் ஏரிக்கரையை ஒட்டியே சுமார் 200 கி.மீ. ஓடும். உலகிலேயே ஆழமான ஏரி, 1,642 மீட்டர். அதைப் பார்க்க வேண்டுமென்று பகல் ரயிலாகத் தேர்ந்தெடுத்தோம். இர்குட்ஸ்கிலிருந்து மாஸ்கோ வழியாக விமானத்தில் ஊர் திரும்புகிறோம்.

என் கணவருக்கு 20 நாள் விடுப்பு. 18 நாளுக்குத்தான் திட்டம் போட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்கென்று அரிசியில் ஒரு படி எடுத்து வைப்போமே, அதுபோல இரண்டு நாள் கையிருப்பு. எல்லையில் தாமதமானாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ உதவும்.

மாதம் குறிப்பதற்குத்தான் ரொம்ப யோசித்தேன். உலான்பாத்தரில் ஜனவரி என்றால் உறைநிலைக்குக் கீழே 20, 30 டிகிரி. ஜூலை 11 முதல் 13 வரை நாதம் திருவிழா. குதிரைப் பந்தயம், மல்யுத்தம், வில்வித்தை எல்லாம் பார்க்கலாம், ஆனால் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், வாடகையும் எகிறிவிடும். பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதத்தில்தான். மாமியார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மே முதல் பாதியில் புழுதிக் காற்று அதிகம் என்பதால் கடைசி வாரங்களைக் குறித்தேன். அப்போதும் இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

அடுத்து பணம். விசா, மாஸ்டர் என்று நாம் வைத்திருக்கும் வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. அந்த நாட்டுச் செலவு முழுவதையும் ரொக்கமாகவே கொண்டுபோக வேண்டும். பணத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை அவர் இடுப்புப் பையிலும், பாதியை நான் தைத்து வைத்திருக்கும் உள்பாவாடை ஜிப் பையிலும் வைக்கப் போகிறோம்.

சாப்பாடு நமக்குப் பெரிய பிரச்சினை. மங்கோலியாவில் ஆட்டிறைச்சிதான் முக்கிய உணவு. டீயில்கூட சர்க்கரைக்குப் பதில் உப்பு! ஆனால் அந்தப் பக்கத்து நெடுந்தூர ரயில்களில் பெட்டிக்குப் பெட்டி வெந்நீர் பாய்லர் உண்டு. அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் இருந்தால் போதும். பழம், காய்கறி, விதை, பால் பொருட்களைச் சீன எல்லையில் அனுமதிக்க மாட்டார்கள். அதனால் நெய்யும் தயிர் மிளகாயும் வேண்டாம்.

பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. எல்லை நிலையங்களில் ரயில் நிற்கும்போது கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். சில சமயம் மணிக்கணக்காகத் திறக்க மாட்டார்கள். நிலையம் வருவதற்கு அரை மணி முன்பே போய்வந்துவிட வேண்டும். மாதவிலக்குத் தேதியையும் பார்த்துக்கொண்டு, தேவையானதை இங்கிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. ரஷ்ய ரயில்களில் பெட்டியைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது ஒரு தைரியம். இறங்க வேண்டிய ஊர் வந்தால் அவர்களே எழுப்பிவிடுவார்களாம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இப்போது மத்தியானம் பாத்திரம் கழுவியதும் ரஷ்ய எழுத்து 33-ஐயும் எழுதிப் பழகுகிறேன். இன்னும் இரண்டு எழுத்து சேர்த்தால் மங்கோலிய ஊர்ப் பெயர்ப் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். மங்கோலியர்களின் கூடார வீட்டுக்குள் போகும்போது வாசல்படியை மிதிக்கக் கூடாதாம். "அட, நம்ம வீட்டுப் பழக்கம்தானே!" என்று மாமியாருக்கு ஒரே சந்தோஷம். இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் அவர்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சகோதரிகளே, மளிகைக் கணக்கு, பால் கணக்கு, பள்ளிக்கட்டணத் தேதி என்று எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துபவர்கள் நாம். மூன்று நாட்டு விசாத் தேதிகளைக் கோத்து வைப்பது நமக்கு முடியாத காரியமில்லை. காசியோ கோபியோ, அடுத்த பயணத்துக்கு நோட்டை நீங்கள் கையில் எடுங்கள்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்