8 ஸ்டார் நைட்டை 5 ஸ்டாரில் வீழ்த்தலாம்: பாலிடோபியாவில் படையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பல டர்ன்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஸ்டார்களைப் போட்டு ஒரு நைட்டை இறக்குகிறீர்கள். விலை 8 ஸ்டார். அது கம்பீரமாகப் பாய்ந்துபோய் எதிரியின் எல்லையில் நிற்கும் டிஃபெண்டரை அடிக்கிறது. டிஃபெண்டர் சாகவில்லை. அடுத்த டர்னில் பக்கத்திலிருந்து ஒரு சாதாரண வாரியர் வந்து ஒரே தட்டு. நைட் காலி! அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து எதிரி செலவழித்தது வெறும் 5 ஸ்டார்.

“நமக்கு நேரம் சரியில்லை” என்று ஃபோனைக் கீழே வைக்க வேண்டாம். ‘தி பேட்டில் ஆஃப் பாலிடோபியா’ விளையாட்டில் நேரம், அதிர்ஷ்டம் எதுவும் கிடையாது. சண்டையில் பகடை உருட்டப்படுவதில்லை. ஒரே நிலைமையில் அடித்தால் எப்போதும் ஒரே சேதம்தான். அதாவது, அந்த நைட் சாகப்போகிறது என்பது அடிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அது என்ன விளையாட்டு?

ஸ்வீடனைச் சேர்ந்த மிட்ஜிவான் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட டர்ன் பேஸ்டு வியூக விளையாட்டு இது. செஸ் மாதிரி ஆளுக்கு ஒரு முறை ஆட வேண்டும். நகரங்களைப் பிடிப்பது, தொழில்நுட்பங்களைக் கற்பது, படை திரட்டுவது என எல்லாமே உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நாணயம், ஸ்டார். ஃபோனுக்கென்றே சின்னதாக வடிவமைக்கப்பட்டது என்பதால் எண்களும் சின்னவை. மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் உயிர், தாக்குதல், தற்காப்பு, நகர்வு, விலை என ஐந்து எண்கள் முக்கியம். வாரியருக்கு உயிர் 10, தாக்குதல் 2, தற்காப்பு 2, விலை 2. டிஃபெண்டருக்கு உயிர் 15, தாக்குதல் 1, தற்காப்பு 3, விலை 3. நைட்டுக்கு உயிர் 10, தாக்குதல் 3.5, தற்காப்பு 1, நகர்வு 3, விலை 8. (அப்டேட்களில் இந்த எண்கள் அவ்வப்போது மாறும். விளையாட்டுக்குள் அந்தப் படைப்பிரிவைத் தொட்டால் இப்போதைய மதிப்பு தெரியும்.)

சேதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

அடிப்பவரின் தாக்குதல் பலத்தையும் அடி வாங்குபவரின் தற்காப்பு பலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மொத்தத்தில் அடிப்பவரின் பங்கு எவ்வளவோ, அதைத் தாக்குதல் எண்ணாலும் 4.5-ஆலும் பெருக்கினால் சேதம் கிடைக்கும். திருப்பி அடிப்பதற்கும் இதே கணக்குதான். ஆனால், அங்கே தற்காப்பு எண் பயன்படும்.

நம்ம நைட்டுக்கே வருவோம். தாக்குதல் 3.5, டிஃபெண்டரின் தற்காப்பு 3, மொத்தம் 6.5. நைட் கொடுக்கும் சேதம் 8. டிஃபெண்டரின் 15 உயிரில் 7 மிச்சம். அது திருப்பிக் கொடுக்கும் அடி 6. நைட்டுக்கு மிச்சம் 4. வாரியர் வந்து முடித்துவிடுகிறது.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அடிபட்ட வீரரின் பலமும் உயிரோடு சேர்ந்தே குறையும். உயிர் பாதியானால் தாக்குதல், தற்காப்பு இரண்டின் பலமும் பாதி. அதனால்தான் காயம்பட்ட நைட்டை 2 ஸ்டார் வாரியரால்கூட சுலபமாக முடிக்க முடிகிறது.

அப்போ நைட் வேஸ்ட்டா?

நிச்சயமாக இல்லை. அதை அனுப்பிய இடம்தான் தவறு. நைட்டின் உண்மையான பலம், கொன்றால் மறுபடி அடிக்கலாம் என்ற சலுகை. ஆர்ச்சருக்குத் தற்காப்பு 1, கேடபுல்ட்டுக்குத் தற்காப்பு 0. இரண்டுமே நைட்டின் ஒரே அடியில் சாகும். செத்தவர் திருப்பி அடிக்க முடியாது. எதிரியின் முன்வரிசைக்குப் பின்னால் இரண்டு ஆர்ச்சரும் ஒரு கேடபுல்ட்டும் அடுத்தடுத்து நின்றால், ஒரு நைட் ஒரே டர்னில் மூன்றையும் காலி செய்துவிடும். எதிரிக்கு நஷ்டம் 14 ஸ்டார். உங்கள் நைட்டுக்கு ஒரு கீறல்கூட இருக்காது.

திறந்தவெளியில் முழு உயிரோடு நிற்கும் வாரியரும் ஒரே அடியில் போய்விடும். அதே வாரியர் தன் நகரத்துக்குள் நின்றால் தற்காப்பு ஒன்றரை மடங்காகும். அப்போது 2 உயிரோடு தப்பித்து, நைட்டுக்கு 4 சேதம் கொடுக்கும். ஒரு கட்டம் தள்ளி நிற்பதில் இருக்கும் வித்தியாசம் இது.

மறைந்திருக்கும் செலவு

விலைப்பட்டியலில் 8 என்று போட்டிருந்தாலும் முதல் நைட் 8 ஸ்டாரில் வந்துவிடாது. ரைடிங், ஃப்ரீ ஸ்பிரிட், ஷிவல்ரி என மூன்று தொழில்நுட்பங்களை வரிசையாகக் கற்க வேண்டும். நகரங்கள் கூடக்கூடத் தொழில்நுட்பத்தின் விலையும் ஏறும். உங்களிடம் மூன்று நகரங்கள் இருந்தால் இந்த மூன்றுக்கும் முறையே 7, 10, 13 ஸ்டார். ஆக மொத்தம் 30. அந்தப் பணத்தில் 15 வாரியர்களை இறக்கியிருக்கலாம். ரைடிங்கோடு தொடங்கும் ஊமாஜி இனத்துக்கு இந்தப் பாதை கொஞ்சம் மலிவு. மலையேற்றத்தோடு தொடங்கும் ஷின்-ஷி இனம் அதே பாதையில் போனால் முழுச் செலவையும் ஏற்க வேண்டியதுதான்.

அதோடு, ஒரு நகரம் தன் நிலையைவிட ஒன்று கூடுதலாகத்தான் படைப்பிரிவுகளைத் தாங்கும். முதல் நிலை நகரத்துக்கு இரண்டே இடம். மலிவாக இருக்கிறதே என்று வாரியர்களாகவே நிரப்பினால், டிஃபெண்டர் தேவைப்படும் நேரத்தில் இடம் இருக்காது. ஆரம்பத்தில் தட்டுப்பாடு ஸ்டாருக்கு. ஆட்டத்தின் பின்பாதியில் தட்டுப்பாடு இடத்துக்கு. மலிவான படை முதலில் சரி, விலையுயர்ந்த படை பிறகு சரி என்பதற்கு இதுதான் காரணம்.

எந்த வேலைக்கு யார்?

* நகரத்தைப் பிடிக்க: ரைடர். 3 ஸ்டார், இரண்டு கட்டம் நகரும், அடித்துவிட்டு விலகியும் ஓடலாம். நகரத்துக்குள் நுழைந்து அடுத்த டர்ன் வரை உயிரோடு நின்றால்தான் அது உங்களுடையது. எனவே காவல் இல்லாத நகரங்களுக்கு முதலில் போய்ச் சேருபவருக்கே லாபம்.
* அடி வாங்காமல் அடிக்க: ஆர்ச்சர். இரண்டு கட்டம் தள்ளி நின்று இரண்டு ஆர்ச்சர்கள் அடித்தால் முழு உயிருள்ள வாரியர் காலி. உங்கள் பக்கம் சேதம் பூஜ்யம்.
* வழியை மறிக்க: டிஃபெண்டர். யாரையும் கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். பின்னால் நிற்கும் ஆர்ச்சரும் கேடபுல்ட்டும் நிம்மதியாக வேலை பார்க்கத்தான் இது.
* மதிலை உடைக்க: கேடபுல்ட். மதில் உள்ள நகரத்தில் தற்காப்பு 4 மடங்கு. அங்கே நிற்கும் டிஃபெண்டரை ஆர்ச்சர் அடித்தால் சேதம் 1, நைட் அடித்தால் 4. கேடபுல்ட்டின் முதல் அடி 5, இரண்டாவது 6, மூன்றாவதில் ஆள் காலி. மூன்று கேடபுல்ட்டுக்கு 24 ஸ்டார் ஆகும்தான். ஆனால், திருப்பி அடி விழாது.
* ஜெயண்ட்டைச் சமாளிக்க: மைண்ட் பெண்டர். நகரம் ஐந்தாம் நிலையை எட்டும்போது பரிசாகக் கிடைக்கும் ஜெயண்ட்டுக்கு உயிர் 40. அதை அடித்து வீழ்த்தப் பெரும்படையே வேண்டும். 5 ஸ்டார் மைண்ட் பெண்டர், பக்கத்துக் கட்டத்தில் வந்து நிற்கும் ஜெயண்ட்டை அப்படியே உங்கள் பக்கம் மாற்றிவிடும். நகர்ந்துபோய் அதே டர்னில் மாற்ற முடியாது என்பதுதான் சிக்கல். டிஃபெண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

வரிசை மாறினால் கதையே மாறும்

படையைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் பலர் கோட்டை விடும் இடம் இது. எதிரில் 15 உயிர், 3 தற்காப்போடு ஒரு ஸ்வார்ட்ஸ்மேன் நிற்கிறது. உங்களிடம் ஒரு வாரியர், ஒரு கேடபுல்ட்.

வாரியரை முதலில் அனுப்பினால் 4 சேதம் கொடுத்து 8 வாங்கிக்கொள்ளும். பிறகு கேடபுல்ட் ஸ்வார்ட்ஸ்மேனை முடித்துவிடும். வாரியருக்கு மிச்சம் 2 உயிர்.

கேடபுல்ட்டை முதலில் அடிக்கவிட்டால் சேதம் 10. காயம்பட்ட ஸ்வார்ட்ஸ்மேனை வாரியர் ஒரே அடியில் கொன்றுவிடும். வாரியருக்கு 10 உயிரும் அப்படியே.

இரண்டிலும் எதிரி செத்துவிட்டது. ஆனால், 2 உயிரோடு நிற்கும் வாரியர் அடுத்த டர்னில் எதிரிக்கு இலவசப் பலி. 10 உயிரோடு நிற்கும் வாரியர் இன்னொரு சண்டைக்குத் தயார். மூன்று பேரைக் கொன்றால் வெட்டரன் ஆகி, உச்ச உயிர் 5 கூடி, முழுமையாகக் குணமும் ஆகிவிடும். அது புதிய ஆளை வாங்குவதைவிட லாபம். காயம்பட்டவர்களைப் பின்னுக்கு இழுத்து ஓய்வு கொடுப்பதும் இதனால்தான் முக்கியம். சொந்த எல்லைக்குள் ஒரு டர்னுக்கு 4 உயிர் திரும்பும், வெளியே 2.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

1. இது யாரை அடிக்கப்போகிறது? ஒரே அடியில் கொல்லுமா, திருப்பி அடி வாங்குமா?
2. அடித்த பிறகு எங்கே நிற்கும்? அங்கே எதிரியின் மலிவான வீரர் யாராவது எட்ட முடியுமா?
3. அடுத்த டர்னிலும் இது உயிரோடு இருக்குமா? இல்லையென்றால், சாவதற்குள் தன் விலைக்கு ஈடாக எதையாவது எடுத்துவிடுமா?

இப்போது அந்த முதல் நைட்டுக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். கொல்லாது, 6 அடி வாங்கும். நிற்கும் கட்டத்துக்கு வாரியரால் வர முடியும். அடுத்த டர்ன் வரை தாங்காது. மூன்றுக்குமே பதில் தப்பு. அந்த டர்னில் நைட்டை ஒரு கட்டம் பின்னால் நிறுத்திவிட்டு, மிச்ச ஸ்டாரில் இரண்டு ஆர்ச்சர்களை இறக்கியிருந்தால் போதும். டிஃபெண்டர் கொஞ்சம் கரைந்த பிறகு நைட் பாய்ந்திருக்கும். அடுத்தது அந்த வாரியர், அதற்கடுத்து நகரத்துக்குள் நிற்கும் ஆள் என்று போய்க்கொண்டே இருந்திருக்கும்.