ஏலத்தில் ஏறும் பெயர்கள்

கிழக்கிலங்கையில் எங்கள் சாகாமத்தில் வேளாண்மை வெட்டி முடிந்தால் வயல்தான் மைதானம். அடிக்கட்டைகளை மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டு, டெனிஸ் பந்தில் டேப் சுற்றி ஆடுவோம். களைத்துப்போய் வரம்பில் குந்தியிருக்கும்போது கொழும்புப் பள்ளிக்கூடப் பொடியன்களின் ஓட்டக்கணக்கைத்தான் பேசுவோம். வாப்பா வாங்கும் பத்திரிகை மத்தியானம் வரும். அவர் வாசித்து முடித்ததும் விளையாட்டுப் பக்கம் எனக்கு.

1991இல் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரானார். அடுத்த வருடம் ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். பாடசாலை, கொழும்புக் கழகம், தேசிய அணி: அன்றைய பாதை அவ்வளவுதான். ஒரு பருவம் சோர்ந்துபோனாலும் கழகம் கைவிடாது. ஆனால் அந்தப் பாதையின் வாசல் எங்கள் பக்கம் இருக்கவில்லை. போர்க்காலச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொழும்புக்குத் தெரிவுக்குப் போவதை யார் நினைத்தார்கள்?

2020இல் லங்கா பிரீமியர் லீக் வந்தது. யாழ். மத்திய கல்லூரியின் லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்தை ஜப்னா ஸ்டாலியன்ஸ் எடுத்தது. டிசம்பர் 4இல் முதல் ஆட்டம். பத்தொன்பது வயது நிறைய ஒரு நாள் பாக்கி. முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

2024இல் இலங்கை வீரர் ஹசரங்க காயப்பட, ஐ.பி.எல். அணியான சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவருக்குப் பதிலாக வியாஸ்காந்தை 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு அழைத்தது. மே 8இல் லக்னோவுக்கு எதிராக நான்கு ஓவரில் கொடுத்தது 27 ஓட்டங்கள்தான். ஐ.பி.எல்.லில் அது நல்ல பந்துவீச்சு. ஆனாலும் அடுத்த வருட அணியில் அவர் பெயர் இல்லை. அதே களத்தில், கண்டி திரித்துவக் கல்லூரியின் மதீஷ பத்திரன 2022இல் 20 இலட்சத்துக்குச் சென்னைக்குப் போனவர், 2025 டிசம்பர் ஏலத்தில் 18 கோடிக்குக் கொல்கத்தாவுக்குப் போனார்.

திறமை மட்டும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பதில்லை. பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வர்தான் ஆடலாம். ஒருவர் காயப்பட்டால் இன்னொருவருக்குக் கதவு திறக்கிறது. அணியின் தேவை மாறினால் மூடிவிடுகிறது. முன்பு கழகம் ஒரு பொடியனைப் பொறுத்து வளர்த்தது. இன்று அவனை அந்தப் பருவத்துக்கு மட்டும் வாங்குகிறார்கள். அவன் விலை இறங்கும் வருடத்தில் கூட நிற்க ஒரு பயிற்சியாளராவது வேண்டும். எனக்கு அந்தக் கவலைதான்.

போன மாதம் அதே வயலில் ஒரு பொடியன் லெக் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தான். செருப்பில் சாய்த்து வைத்த போன் படம் பிடித்தது.

"கடினப்பந்தில போட்டிருக்கியா மகன்?"

"இல்ல மாமா. பள்ளிக்கூடத்தில பிச் இல்ல."

போனை நீட்டினான். "மணிக்கட்டுத் திரும்புறது தெரியுதா மாமா?"

வெயிலில் சரியாகத் தெரியவில்லை. சொன்னேன். பந்தைப் பொறுக்கிக்கொண்டு திரும்பவும் ஓடினான்.