முழு வெள்ளை, முட்டி வரை, கம்மி விலை: ‘சொராரிட்டி’ விழாவுக்கு டிரெஸ் வாங்குவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களிலேயே பல மாணவிகளின் போனுக்கு இப்படி ஒரு மெசேஜ் வரும்: ஞாயிற்றுக்கிழமை விழா, முழு வெள்ளை டிரெஸ், முட்டி வரை நீளம், உள்ளே எதுவும் தெரியக் கூடாது. விழாவுக்கு நாலு நாள்தான் இருக்கும். அலமாரியில் இருப்பதோ ஜீன்ஸும் டி-ஷர்ட்டும்!

சொராரிட்டி என்றால் என்ன?

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் சங்கங்கள்தான் இவை. 1851-ல் ஜார்ஜியா மாநிலத்தின் வெஸ்லியன் கல்லூரியில் தொடங்கிய சங்கம்தான் இன்றைய ஆல்ஃபா டெல்டா பை. கறுப்பின மாணவிகள் 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 1986-ல் அதில் சேர்ந்தார்.

ஏன் வெள்ளை?

சடங்குகளை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்தச் சங்கங்களின் வழக்கம். ஆனால் வெள்ளைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: புதிய தொடக்கம், சமத்துவம். பணக்கார வீட்டுப் பெண்ணும், கேம்பஸில் பார்ட் டைம் வேலை பார்த்துப் படிக்கும் பெண்ணும் ஒரே வரிசையில் ஒரே நிறத்தில் நிற்கணும். சந்தாவே தனிச் செலவு. அதற்கு மேல் டிரெஸ்ஸுக்கும் கடன் வாங்கினால், அந்தச் சமத்துவத்துக்கு அர்த்தமே இல்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

விதியை முழுசா கேளுங்க: சங்கத்துக்குச் சங்கம், கிளைக்குக் கிளை விதி மாறும். க்ரீம், ஐவரி நிறங்கள் ஓகேவா? ஸ்லீவ்லெஸ் போடலாமா? லேஸ் இருக்கலாமா? ஷூ என்ன நிறம்? புது உறுப்பினர்களைக் கவனிக்கும் சீனியரிடம் கேட்டுவிட்டு கடைக்குப் போங்க.

கையை உள்ளே விடுங்க: துணிக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடிங்க. விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அந்த டிரெஸ் வேண்டாம். ரொம்பப் பிடித்திருந்தால், உள்ளே போட ஒரு ஸ்லிப்பையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.

வெள்ளை உள்ளாடை வேண்டாம்: வெள்ளைக்குள் வெள்ளை போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமானதுதான் மறைந்து நிற்கும்.

உட்கார்ந்து பாருங்க: நிற்கும்போது முட்டியைத் தொடும் டிரெஸ், உட்கார்ந்தால் மேலே ஏறிடும். ட்ரையல் ரூமிலேயே உட்காருங்க, குனியுங்க, கையைத் தூக்குங்க.

துணி முக்கியம்: கெட்டியான காட்டன், லைனிங் வைத்த க்ரேப் இரண்டும் நல்ல தேர்வு. லினன் அழகுதான், ஆனால் கார் பயணத்திலேயே கசங்கிடும்.

காசை எப்படி மிச்சப்படுத்துவது?

செப்டம்பர் முதல் திங்கள்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தினம். அதற்குப் பிறகு வெள்ளை உடுத்தக் கூடாது என்பது அங்கே ஒரு பழைய நம்பிக்கை. கோடைக்கால உடைகளைக் கடைகள் தள்ளுபடியில் தள்ளுவதும் அந்தச் சமயத்தில்தான். இதைப் பயன்படுத்திக்கலாம். குட்வில் போன்ற பழைய துணிக் கடைகளிலும் தேடலாம், ஆனால் அக்குளிலும் காலரிலும் மஞ்சள் கறை இருக்கான்னு பாருங்க. மணப்பெண் உடைப் பிரிவு பக்கம் போகாதீங்க, அங்கே விலை எகிறும்.

இதைவிடச் சுலபமான வழி, சீனியர் அக்காக்களிடம் கடன் வாங்குவது. வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஒரே டிரெஸ் பல கைகள் மாறுவது அங்கே சகஜம். புதுசு வாங்குவதாக இருந்தால், பட்டமளிப்பு அங்கிக்குள்ளும் போடக்கூடிய எளிய டிசைனைத் தேர்ந்தெடுங்க.

ஆன்லைனில் வாங்கினால், போட்டுப் பார்த்து முடிவு செய்யும் வரை டேக்கைக் கிழிக்காதீங்க. கறை பட்டால் குளோரின் ப்ளீச் ஊற்றவும் வேண்டாம். பாலியெஸ்டர் துணி அதனால் வெளுக்காமல் மஞ்சளாகிடும்.

‘நல்ல காரியத்துக்கு வெள்ளையா?’ என்று வீடியோ காலில் அம்மா முகம் சுளிக்கலாம். நம் ஊரில் அந்த நிறம் சுமக்கும் சோகம் அவருக்குத் தெரியும். அங்கே அது ஆரம்பத்தின் நிறம் என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்க.

விழா அன்று உங்கள் டிரெஸ்ஸின் விலை யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை. 30 டாலரா, 300 டாலரா என்பது உங்கள் பர்ஸுக்கு மட்டும்தான் தெரியும்!