கப்பல் விருந்துக்கு வேட்டி கட்டலாமா?

உல்லாசக் கப்பல் பயணம் என்பது ஒரு காலத்தில் நமக்கெல்லாம் ஆங்கிலப் படத்தில் மட்டும் பார்க்கும் சமாச்சாரம். இப்போது அப்படியில்லை. சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் நம் மும்பைத் துறைமுகத்திலிருந்தே கோவா பக்கம் உல்லாசக் கப்பல் புறப்பட ஆரம்பித்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் விட்டார்கள். டிக்கெட்டோடு வரும் காகிதக் கட்டில் பாஸ்போர்ட், மருந்து மாத்திரை, பெட்டியின் எடை எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கும். கூடவே 'இரவு உணவுக்கான உடை' என்று அரைப் பக்கம் இருக்கும். நம் ஆண்பிள்ளைகள் கலங்குவது அங்கேதான். பெண்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஒரு பட்டுப் புடவை போதும், எந்தக் கப்பலிலும் அவர்களுக்கு முதல் மரியாதை.

நானும் என் மனைவியும் மூன்று முறை கப்பலில் போய் வந்தவர்கள். அதனால் சங்கத்து அன்பர்கள் பலர் என்னிடம் விசாரிப்பதுண்டு. கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று அவர்கள் கேட்பதில்லை. "ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு தைக்கணுமாமே, நிஜமா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நண்பர், "எதுக்கு வம்பு? கையில் கொண்டுபோகிற முறுக்கையும் தேன்குழலையும் அறையிலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டால் போயிற்று" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆகையால்தான் இதை எழுதத் தோன்றியது.

விதி என்ன சொல்கிறது?

ரயில்வேயில் 'ஷெட்யூல் ஆஃப் டைமென்ஷன்ஸ்' என்று ஒரு புத்தகம் உண்டு. தண்டவாளத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று அதில் இருக்கும். எந்த விதியையும் அப்படிப் படிப்பது எங்கள் பழக்கம். கப்பல் விதியையும் அப்படிப் படித்தால் பாதி பயம் போய்விடும்.

பொதுவாகக் கப்பல் இரவுகள் மூன்று வகை. முதலாவது சாதாரண இரவு. காலர் வைத்த சட்டையும் ஒழுங்கான பாண்ட்டும் போதும். இரண்டாவது கொஞ்சம் எடுப்பான இரவு. முழுக்கைச் சட்டை, விருப்பமானால் மேலே ஒரு கோட்டு. டை கட்டாயமில்லை. மூன்றாவதுதான் விருந்து இரவு. ஏழு நாள் பயணத்தில் ஓரிரண்டு வரும். அன்று கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் வில் டையும் அணிந்தவர்களை நிறையப் பார்க்கலாம். ஆனால் அது குறைந்தபட்சம் அல்ல. கருநீலமோ கரும்சாம்பலோ ஆன சாதாரண சூட்டும் டையும் இருந்தாலே பெரும்பாலான கப்பல்களில் கதவு திறக்கும்.

முதல் நாள் இரவும் கடைசி நாள் இரவும் விருந்து உடை வைப்பதில்லை என்பது பழைய கப்பல் சம்பிரதாயம். காரணம் எளியது. முதல் நாள் பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும். கடைசி இரவு பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

எல்லாக் கப்பலும் ஒன்றல்ல. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-ம் ஆண்டிலேயே உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அதையே தன் விளம்பரமாக்கிக்கொண்டது. மறுகோடியில் 'குவீன் மேரி 2' கப்பலை நடத்தும் குனார்ட் கம்பெனி இருக்கிறது. பழைய வழக்கத்தை இன்னும் விடாதவர்கள். ஆனால் அந்தக் குனார்டே, விருந்து இரவுகளில் முறையான தேசிய உடையும் ராணுவ உடையும் சம்மதம் என்று எழுதி வைத்திருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாப் பெரிய கப்பலிலும் ஒரு பஃபே கூடமும் உண்டு. உடுத்த மனமில்லாதவர் அங்கே போகலாம். ஆக, பட்டினி போடும் விதி எங்கும் இல்லை.

கறுப்புக் கோட்டு வந்த கதை

இந்த டின்னர் ஜாக்கெட்டைப் பார்த்து நாம் மிரளுகிறோமே, அது பிறந்த கதையைக் கேளுங்கள். 1865-ல் இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், தம் கிராமத்து மாளிகையில் நெருங்கிய நண்பர்களோடு சாவகாசமாகச் சாப்பிட ஒரு குட்டைக் கோட்டு தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தது லண்டன் ஹென்றி பூல் தையற்கடை. அப்போது மரியாதை உடை என்றால் பின்பக்கம் வால் தொங்கும் நீளக் கோட்டுதான். அமெரிக்காவில் 1886-ல் டக்ஸிடோ பார்க் என்ற ஊர் கிளப்பில் இந்தக் குட்டைக் கோட்டு பழக்கத்துக்கு வந்தது. அதனால் அங்கே அதற்கு 'டக்ஸிடோ' என்று பெயர். அதாவது, இன்று உச்ச மரியாதை என்று கருதப்படுவது அன்று வீட்டு உடை.

இன்னொன்று. அந்த உடையோடு இடுப்பில் ஒரு பட்டுப் பட்டை கட்டுவார்கள். அதை ஆங்கிலத்தில் 'கம்மர்பண்ட்' என்பார்கள். நம் 'கமர்பந்த்'தான் அது. பாரசீகத்திலிருந்து ஹிந்துஸ்தானிக்கு வந்த சொல். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள், வெயிலில் வெயிஸ்ட்கோட்டு தாங்காமல் நம்மவர் இடுப்புத் துணியைப் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். செங்கடல் வெக்கையில் கோட்டையே கழற்றிவிட்டு, சட்டையும் இடுப்புப் பட்டையுமாகச் சாப்பிட உட்காரும் வழக்கமும் கப்பல்களில் இருந்தது. அதற்குச் 'செங்கடல் உடை' என்றே பெயர். வசதிக்குத் தகுந்தபடி விதியை வளைத்தவர்கள் அவர்களேதான். நாம் மட்டும் அதைக் கல்லில் பொறித்தது என்று நினைக்க வேண்டியதில்லை.

ஒரே மனிதர், இரண்டு கப்பல்கள்

இந்த விஷயத்தில் நமக்குப் பாடமாக இருப்பது காந்தியின் அனுபவம். 1888 செப்டம்பர் 4-ம் தேதி இதே பம்பாயிலிருந்து பத்தொன்பது வயது நிறையாத காந்தி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கறுப்பு சூட் அணிந்திருந்தார். போய் இறங்கும்போது போட்டுக்கொள்ள வெள்ளை ஃபிளானல் சூட்டும் வைத்திருந்தார். அப்படியிருந்தும் அவர் சாப்பாட்டு மேசைக்குப் போகவில்லை. கத்தி முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம். வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறையிலேயே வைத்துச் சாப்பிட்டார். உடன் வந்த ஜூனாகத் வக்கீல் மஜ்முதார் வெளியே வந்து பழகும்படி எவ்வளவோ சொல்லியும் பலனில்லை. இதையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிறகு 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் முழங்கால் அளவுத் துணிக்கு மாறினார். 1931 ஆகஸ்ட் 29-ம் தேதி, வட்டமேஜை மாநாட்டுக்காக, 'ராஜபுதானா' கப்பலில் மறுபடி பம்பாயிலிருந்து புறப்பட்டார். இடுப்பில் அதே துணி, மேலே ஒரு சால்வை. பயணத்தின் பெரும்பொழுதை மேல்தளத்தில் எல்லோர் நடுவிலும் கழித்தார். நூல் நூற்றார், பிரார்த்தனை நடத்தினார். சகபயணிகளின் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. அந்த ஆண்டு நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனைத் தேநீர் விருந்துக்கும் அதே உடையில்தான் போனார்.

சூட் போட்டிருந்த இளைஞர் அறைக்குள் ஒளிந்தார். துணி கட்டியிருந்த பெரியவர் எல்லோரோடும் கலந்தார். நாமெல்லாம் காந்தி ஆக முடியாது, சரி. ஆனால் ஒருவரை அறைக்குள் முடக்குவது துணி அல்ல, கூச்சம்தான் என்பது இதில் தெரிகிறதல்லவா?

வாசலில் நிறுத்தப்பட்ட வேட்டி

கூச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல என்பதும் எனக்குத் தெரியும். நான் பாலப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் எங்களோடு ஒரு மேஸ்திரி இருந்தார். ஆற்று வெள்ளத்தில் கர்டருக்கு அடியில் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு கிளப்பில் விருந்து வைத்தோம். சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, நெற்றியில் திருநீறோடு வந்தார். வேட்டிக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். யாரோ ஓடிப்போய் ஒரு பாண்ட்டு கொண்டுவந்தார்கள். இடுப்பில் நிற்காத அந்தப் பாண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி, தம் சொந்த விருந்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுக்கும் இறங்கவில்லை.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்ததற்காக உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை இதற்கென்று சட்டம் கொண்டுவந்தது. பொது இடங்களில் வேட்டியையோ மற்ற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் நடுக்கடலில் செல்லாது. கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா கொடிகளின் கீழ் ஓடுகின்றன. ஆனால் எந்தச் சட்டமும் இல்லாமலேயே கப்பலில் வேட்டிக்குக் கிடைக்கும் மரியாதையை நான் கண்ணால் பார்த்தேன்.

மத்தியதரைக் கடலில் போன ஒரு பயணத்தின் விருந்து இரவில் நான் எட்டு முழ வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் நின்ற தலைமைப் பரிசாரகர் ஒரு விநாடி பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்கள் மேசையில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், கட்டம் போட்ட பாவாடை போன்ற தம் நாட்டு 'கில்ட்' அணிந்து உட்கார்ந்திருந்தார். "பெல்ட் இல்லாமல் இது எப்படி நிற்கிறது?" என்று அவர் கேட்க, "அம்பது வருஷமாக எனக்கும் அதே சந்தேகம்தான்" என்று என் மனைவி சொல்ல, மேசையே சிரித்தது. பரிமாறிய கோவாக்காரப் பையன் குனிந்து, "சார், சென்னையா?" என்றான். "இல்லையப்பா, மாட்டுங்கா" என்றேன். அதன் பிறகு கடைசி நாள்வரை எங்கள் மேசைக்கு ஊறுகாய் தவறவில்லை.

பெட்டியில் என்ன வைப்பது?

சூட் ஏற்கனவே இருந்தால் அதையே கொண்டுபோங்கள். இல்லாதவர் இதற்கென்று புதிதாகத் தைக்க வேண்டாம். கழுத்து மூடிய 'பந்த்கலா' கோட்டு ஒன்று இருந்தால் டை கட்டும் தொல்லையே இல்லை. கல்யாணங்களுக்கும் உதவும்.

வேட்டி கட்டுகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

வேட்டி எட்டு முழமாக இருக்கட்டும். நாலு முழம் விளக்கு வெளிச்சத்தில் மெலிதாகத் தெரியும், படியேறும்போது விலகும். மெல்லிய ஜரிகைக் கரையும் முழுக்கை வெள்ளைச் சட்டையும் போதும். சட்டையில் பை அவசியம், அறைச் சாவி அட்டையை அதில்தான் வைக்க வேண்டும்.

மடித்துக் கட்டுவது கூடாது. படியில் ஒரு முனையைக் கையால் சற்றே தூக்கிக்கொண்டால் போதும். திறந்த தளத்தில் காற்று பலமாக இருக்கும், ஆகையால் உணவுக் கூடத்துக்கு உள்வழியாகவே போங்கள்.

காலில் தோல் செருப்போ ஷூவோ இருக்க வேண்டும். ரப்பர் செருப்பு, லுங்கி, அரை டிராயர், கையில்லாத பனியன் இவற்றுக்கு இரவில் இடமில்லை. இதில் நமக்கு வருத்தமும் வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் அப்படி உட்கார மாட்டோம்.

இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகாதீர்கள். தீ அபாயம் என்று பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பலிலேயே பணம் கொடுத்துத் தேய்த்துக்கொள்ளலாம். ஒரு நல்ல சட்டையும் பாண்ட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும், முதல் நாள் பெட்டி தாமதமானால் உதவும்.

சைவச் சாப்பாட்டை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கப்பலில் ஏறியதும் தலைமைப் பரிசாரகரிடமும் ஒரு தரம் சொல்லுங்கள். மறுநாள் பட்டியலை முன்னதாகவே காட்டி, எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுச் சமைத்துக் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது அவர்கள் தினசரி வேலை.

முறுக்கும் தேன்குழலும் தாராளமாக எடுத்துப் போங்கள். மாலையில் மேல்தளத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கொடுத்துச் சாப்பிட நன்றாக இருக்கும். இரவு மணி அடித்ததும் கூடத்துக்குப் போய், எட்டுப் பேர் மேசையில் உங்கள் நாற்காலியில் உட்காருங்கள்.