கும்பகருணனுக்காக ஏன் கலங்குகிறோம்?

நடுவர் அவர்களே! பாத்திரம் நல்லவர் பக்கம் நின்றால்தான் இரக்கம் வரும் என்றார் எதிரணி நண்பர். அப்படியா? கும்பகருணன் எந்தப் பக்கம் நின்றான்? கம்பராமாயணம் நடத்தும்போது என் மாணவர்கள் கலங்குவது அவனுக்காகத்தானய்யா!

ஏன்? சீதையை விட்டுவிடு என்று இராவணனுக்கு முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். அண்ணன் கேட்கவில்லை. திரும்பமாட்டோம் என்று தெரிந்தே களத்துக்குப் போகிறான். அங்கே வீடணன் வந்து, 'வந்துடுண்ணே, பிழைச்சுக்கலாம்' என்று கூப்பிடுகிறான். பாருங்க, கதவு திறந்தே இருக்கு! வளர்த்த அண்ணனை விட்டு வரமாட்டேன், நீ இராமனிடமே இரு என்று தம்பியை அனுப்பிவிடுகிறான். (வெறும் தூங்குமூஞ்சி என்பவர்கள் இந்த இடத்தைப் படிக்கணும்.)

கடைசியில் மூக்கு போய், கைகால் போய்க் கிடக்கிறான். இராமனிடம் உயிரையா கேட்டான்? என் தம்பியை இராவணனிடமிருந்து காப்பாற்று என்றான். அப்புறம், மூக்கில்லாத முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு என்றான். மலை மாதிரி உடம்பு. அதுக்குள்ள நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வருகிற கூச்சம்! அவன் அரக்கன் என்பதே அங்கே எனக்கு மறந்துபோகிறது, நடுவர் அவர்களே.