டிவியில் கேம்ஸ்: படம் மங்குவது ஏன்?

கம்ப்யூட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் பெரிய டிவியில் இணைத்து கேம்ஸ் விளையாடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: "மானிட்டரில் பளிச்சென்று இருக்கும் படம் டிவியில் மங்கலாகத் தெரிகிறது." உடனே புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் செலவில்லாமலேயே இதைச் சரி செய்துவிடலாம்.

திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளை பிக்ஸல் என்கிறோம். ஃபுல் எச்.டி. டிவியில் 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் பிக்ஸல்கள் இருக்கும். 4கே டிவியில் 3840 × 2160; சரியாக நான்கு மடங்கு. இந்த எண்ணிக்கை டிவி தயாராகும்போதே முடிவாகிவிடும். பிறகு மாற்ற முடியாது.

கம்ப்யூட்டர் இதைவிடச் சிறிய படத்தை அனுப்பினால், மீதிப் பிக்ஸல்களை டிவியே நிரப்பிக் கொள்ள வேண்டும். இதுதான் ஸ்கேலிங். 1280 × 720 படத்தை ஃபுல் எச்.டி. திரையில் காட்டினால், ஒரு பிக்ஸல் ஒன்றரை பிக்ஸலாக நீள வேண்டும். அரைப் பிக்ஸல் என்று ஒன்று கிடையாதே! எனவே டிவி பக்கத்து நிறங்களைக் கலந்து காட்டும். எழுத்துகளின் ஓரங்கள் மங்குவது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? நான் இந்த வரிசையில்தான் சோதிப்பேன்.

1. விண்டோஸ் 11 டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் தேர்ந்தெடுக்கவும். டிஸ்ப்ளே ரெசல்யூஷன், உங்கள் டிவியின் பிக்ஸல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து சிறியதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். மேலே உள்ள ஸ்கேல் அளவை 150% அல்லது 200% ஆக்குங்கள்.

2. படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றனவா? இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். பிக்சர் டியூப் டிவி காலத்துப் பழக்கம் இது. டிவி ஓரங்களை வெட்டி, மீதியைப் பெரிதாக்குவதால் முழுப் படமும் மங்கும். டிவியின் பிக்சர் மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்கிரீன் ஃபிட்" போன்ற வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

3. டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தை இது குறைக்கும். இல்லையென்றால் நீங்கள் பட்டனை அழுத்தி, அது திரையில் தெரிவதற்குள் எதிரி உங்களைச் சுட்டுவிடுவான்!

4. 4கே அளவில் கேம் திணறுகிறதா? ரெசல்யூஷனை அப்படியே விட்டு, கேமின் கிராபிக்ஸ் மெனுவில் உள்ள ரெண்டர் ஸ்கேலைக் குறையுங்கள். பல கேம்களில் இப்படிச் செய்தால் காட்சி மட்டுமே சற்று மென்மையாகும். ஸ்கோரும் எழுத்துகளும் தெளிவாகவே இருக்கும். என்விடியா 2018ல் கொண்டு வந்த டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி. 2021ல் கொண்டு வந்த எஃப்.எஸ்.ஆர். ஆகியவை இருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். டிவி செய்யும் ஸ்கேலிங்கைவிட இவை பொதுவாக நல்ல படத்தைத் தரும்.

5. 4கே படம் விட்டுவிட்டு நகர்ந்தால் எச்.டி.எம்.ஐ. இணைப்பைக் கவனியுங்கள். எச்.டி.எம்.ஐ. 1.4 வகையில் 4கே படம் நொடிக்கு 30 பிரேம் வரைதான் செல்லும். 60 பிரேமுக்கு 2013ல் வந்த 2.0 அல்லது அதற்குப் பிந்தைய வகை வேண்டும். கம்ப்யூட்டர், டிவி இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். கேபிளும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் முடித்த பிறகும் திருப்தி இல்லையென்றால் மட்டும் பர்ஸைத் திறக்கலாம்.