பிளாட்டினத்தின் இடத்தில் தாவரக் கரி

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் எரிக்காமலேயே இணையச் செய்து, அப்போது வெளிப்படும் ஆற்றலை நேரடியாக மின்சாரமாக மாற்றும் கருவி எரிபொருள் மின்கலம் எனப்படுகிறது. இதன் அடிப்படையை வில்லியம் குரோவ் 1839ஆம் ஆண்டு வாக்கிலேயே செய்துகாட்டினார். எனினும், நீரை மட்டுமே கழிவாக வெளியிடும் இக்கருவி இன்றளவும் பரவலான பயன்பாட்டுக்கு வராததற்கு அதன் விலை ஒரு முக்கியக் காரணமாகும். அவ்விலையில் கணிசமான பங்கு பிளாட்டினத்தினுடையது.

மின்கலத்தின் ஒரு முனையில் ஹைட்ரஜன் எலக்ட்ரான்களை இழக்க, மறுமுனையில் ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. எலக்ட்ரானைப் பெறுதல் வேதியியலில் ஒடுக்கம் எனப்படுவதால், இரண்டாவது வினைக்கு ஆக்சிஜன் ஒடுக்கம் என்று பெயர். ஹைட்ரஜன் முனையின் வினை விரைந்து முடிய, ஆக்சிஜன் முனையின் வினையோ மிக மெதுவாக நிகழ்கிறது. ஆக்சிஜனின் இரு அணுக்களையும் சேர்த்து வைத்திருக்கும் இரட்டைப் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 498 கிலோஜூல் ஆற்றல் தேவைப்படுவதும், மூலக்கூறு முழுமையாக நீராக மாற நான்கு எலக்ட்ரான்கள் படிப்படியாக வந்து சேர வேண்டியிருப்பதுமே இதற்குக் காரணம். இரண்டு எலக்ட்ரான்களோடு வினை நின்றுவிட்டால், நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, கிடைக்கும் மின்னோட்டம் பாதியாகக் குறைவதுடன், முனைகளைப் பிரிக்கும் சவ்வும் சிதையத் தொடங்குகிறது. ஆகவே, வினையை விரைவுபடுத்தி நான்கு எலக்ட்ரான் வழியிலேயே செலுத்துவதற்கு ஒரு வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வினையின் வேகத்தைக் கூட்டும் பொருள், இன்றியமையாததாகிறது.

இப்பணியில் பிளாட்டினம் சிறந்து விளங்குகிறது. ஆனால், உலகில் வெட்டியெடுக்கப்படும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு தென்னாப்பிரிக்காவிலிருந்தே கிடைக்கிறது. கார்பன் மோனாக்சைடு சிறிதளவு கலந்தாலும் அதன் மேற்பரப்பு செயலிழக்கிறது. நானோ அளவிலான அதன் துகள்கள் நாளடைவில் கரைந்தும், ஒன்றோடொன்று சேர்ந்து பருத்தும் திறன் குன்றுகின்றன.

மாற்று வழி ஒன்று கார்பனிலேயே இருப்பதை 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தில் லிமிங் டாய் தலைமையிலான குழு எடுத்துக்காட்டியது. நைட்ரஜன் அணுக்கள் ஆங்காங்கே இடம்பெறச் செய்யப்பட்ட கார்பன் நானோகுழாய்கள், காரக் கரைசலில் பிளாட்டினத்துக்கு ஈடாகவும் அதற்கு மேலாகவும் ஆக்சிஜனை ஒடுக்கின. நைட்ரஜன் தன்னருகிலுள்ள கார்பனிடமிருந்து எலக்ட்ரான் அடர்த்தியைத் தன்பால் ஈர்ப்பதால், அக்கார்பன் சிறிதளவு நேர்மின் தன்மை பெற்று, ஆக்சிஜன் வந்து ஒட்டுவதற்கு உரிய இடமாக மாறுகிறது என்பது அக்குழுவினர் தந்த விளக்கம். 2016இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுன்ஜி நகமுரா குழுவினர், கார்பன் வளையத்தின் விளிம்பில் இரு கார்பன் அணுக்களோடு மட்டும் பிணைந்திருக்கும் நைட்ரஜனை அடுத்த கார்பனே வினை நிகழும் இடம் என்பதற்குச் சான்று தந்தனர்.

நானோகுழாய்களைச் செய்வதும் எளிதன்று என்பதால், அதே அமைப்பைச் செடிகொடிகளிலிருந்து பெற முடியுமா என்ற தேடல் வலுப்பெற்றது. சோயா மொச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். எனவே, சோயாவைக் கரியாக்கும்போது நைட்ரஜன் வெளியிலிருந்து சேர்க்கப்படாமலேயே கார்பனுக்குள் அமைந்துவிடுகிறது. தேங்காய்ச் சிரட்டையின் நிலை இதற்கு நேர்மாறானது: லிக்னின் மிகுந்த அதிலிருந்து ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேலான உட்பரப்புள்ள கரி கிடைக்கும், ஆனால், அதில் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் யூரியா போன்ற சேர்மத்தைக் கலந்தாக வேண்டும். சதுப்பு நிலங்களில் வளரும் சம்பங்கோரையும், தமிழகத்து ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் கூட இவ்வாய்வுகளில் மூலப்பொருள்களாகியுள்ளன.

செய்முறையில் காற்றுப் புகாத உலையும், உரிய வெப்பநிலையும் முதன்மையானவை. உலர்த்திப் பொடித்த தாவரப் பொருளை, நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுச் சூழலில் பெரும்பாலும் 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது, நீராவியும் ஆவியாகும் சேர்மங்களும் வெளியேறிக் கார்பன் எஞ்சுகிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துச் சூடேற்றினால், அது கார்பனை அரித்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறது. மிக நுண்ணிய துளைகள் வினைக்கான பரப்பைத் தர, சற்றே பெரியவை ஆக்சிஜனும் கரைசலும் அப்பரப்பைச் சென்றடைய வழிவிடுகின்றன. வெப்பநிலையை உயர்த்தினால் கார்பன் அடுக்குகள் ஒழுங்குபெற்று மின்கடத்துதிறன் கூடுகிறது; அதே வெப்பம் நைட்ரஜனையும் விரட்டிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் தகுந்த வெப்பநிலையைக் கண்டறிவதே இத்துறையின் நுட்பம்.

தாவரம் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக்கொண்ட உலோகங்களும் கரியில் தங்குகின்றன. இரும்போ கோபால்ட்டோ நைட்ரஜனோடு பிணைந்தால் தனியொரு வினையூக்கியாகிவிடும். கோபால்ட் தாலோசயனின் என்னும் சேர்மம் ஆக்சிஜனை ஒடுக்கும் என்பதை ரேமண்ட் ஜாசின்ஸ்கி 1964ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். ஆகவே, அமிலத்தில் நன்கு கழுவி, எஞ்சிய உலோகத்தை அளந்த பின்னரே ஒரு கரியை உலோகமற்ற வினையூக்கி என்று கூற இயலும். மேலும், ஆகாயத்தாமரை கழிவுநீரிலிருந்து கன உலோகங்களை உறிஞ்சும் இயல்புடையதாகையால், ஓர் ஏரியின் செடி தரும் கரியும் மற்றோர் ஏரியின் செடி தரும் கரியும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

பயன்படும் சூழலும் எண்ணிப் பார்க்கத் தக்கது. காரக் கரைசலில் பிளாட்டினத்தோடு போட்டியிடும் இக்கரிகள், வாகனங்களுக்குரிய அமிலச் சவ்வு மின்கலங்களில் பின்தங்குகின்றன. ஆதலால், காரச் சூழலில் இயங்கும் துத்தநாக-காற்று மின்கலங்களே இவற்றுக்கு இப்போதைக்குப் பொருத்தமான களம். மலிவு என்பதையும் மூலப்பொருளின் விலையை மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது; உலைக்கான ஆற்றல், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கழுவும் அமிலம், வெளியேறும் கழிவுநீர், சூட்டில் ஆவியாகி இழக்கப்படும் பெரும்பகுதி எடை ஆகிய அனைத்தும் கணக்கில் வர வேண்டும். இக்கணக்கையும் உள்ளடக்கி, மூலப்பொருளின் தரத்தை நிலைப்படுத்தி, பல ஆயிரம் மணி நேரம் தாங்கும் கரியை உருவாக்க முடிந்தால், தூய மின்சாரத்துக்கான கருவிகள் அரிய உலோகத்தை நம்பியிருக்கும் நிலை மாறும். கழிவென ஒதுக்கப்படும் தாவரப் பொருளுக்கு, விறகைக் காட்டிலும் பன்மடங்கு உயர்ந்த பயன்மதிப்பும் கிட்டும்.